ஓய்வுபெற்ற மானிடவியலாளரின் களக்குறிப்புகளை என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: அம்மா மானிடவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பல வருடக் களப்பணியின் நோட்டுகள், கேசட்டுகள், ஸ்பூல் நாடாக்கள், ஸ்லைடுகள், கடிதங்கள் ஓர் அறை நிறையக் கிடக்கின்றன, புத்தகங்களும் கட்டுரைகளும் எப்போதோ வெளிவந்துவிட்டன, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டு அசலைக் கழித்துவிடலாமா? இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. புத்தகம் வந்தபிறகு குறிப்பேட்டுக்கு மதிப்பு உண்டா என்பது ஒன்று. எப்படிப் பாதுகாப்பது என்பது இன்னொன்று. யார் பார்க்கலாம், அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பது மூன்றாவது. இவற்றுக்கு நடுவே, போகிறபோக்கில், "அம்மாவுக்கு இப்போது ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி அதுதான்.

கள ஆய்வாளர்களின் தாள்களைப் பெற்று, அடுக்கி, விவரப்பட்டியல் தயாரிப்பது ஆவணக்காப்பகத்தில் என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து உடனடிப் பதில் சொல்கிறேன். அசலைக் கழிக்க வேண்டாம். இணையத்தில் ஏற்ற வேண்டாம். ஸ்கேனரைக்கூட இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை, உங்கள் போனே போதும், எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஏன் என்று கீழே விரிவாக எழுதுகிறேன்.

புத்தகம் வந்துவிட்டதே, இனிக் குறிப்பு எதற்கு என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கே உண்டு. ஆனால் களத்தில் எழுதியதில் ஒரு சிறு பகுதிதான் அச்சேறுகிறது. தன் ஆய்வுக்கேள்விக்குத் தேவையானதை ஆய்வாளர் எடுத்துக்கொள்கிறார். அந்த வருடம் மழை எப்போது வந்தது, எந்த வீட்டில் யார் இறந்தார், அன்றைய கூலி எவ்வளவு, எந்தப் பாட்டைப் பாடிக் குழந்தையைத் தூங்கவைத்தார்கள் என்பதெல்லாம் நோட்டிலேயே தங்கிவிடுகின்றன. திருமண முறைகளை ஆராயப் போனவரின் நோட்டில் வேறெங்கும் பதிவாகாத விதைகளின் பெயர்கள் இருக்கலாம். முப்பது வருடம் கழித்து வேறொருவர் வேறொரு கேள்வியோடு வரும்போது, புத்தகம் அவருக்கு உதவாது, நோட்டு உதவும்.

ஆய்வைச் சரிபார்க்கவும் அசல் வேண்டும். அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1925-26ல் பசிபிக் தீவான சமோவாவில் களப்பணி செய்து 1928ல் வெளியிட்ட புத்தகத்தை, அவர் 1978ல் இறந்தபின், 1983ல் டெரெக் பிரீமன் என்ற இன்னொரு மானிடவியலாளர் கடுமையாக மறுத்தார். நீண்ட காலம் ஓடிய அந்தச் சர்ச்சையில் வெறும் வாதத்தைத் தாண்டி ஆதாரத்துக்குப் போக முடிந்ததற்குக் காரணம், மீடின் களக்குறிப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருந்ததுதான். பிரீமனின் தாள்களும் பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்கு வந்துசேர்ந்தன. அவர் காட்டிய சாட்சியங்களையும் மற்றவர்கள் எடுத்துப் படித்துக் கேள்வி எழுப்பினார்கள். இரண்டு பேருமே இல்லாத நிலையில் இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எனக்கு மிகப் பெரிய காரணமாகப் படுவது இது இரண்டுமில்லை. ஜான் பீபாடி ஹாரிங்டன் என்று ஒரு மொழியியலாளர், 1884ல் பிறந்து 1961ல் இறந்தவர். அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பேசிய கடைசித் தலைமுறையைத் தேடித்தேடிப் போய்க் குறிப்பெடுத்தார். மிகக் குறைவாகவே வெளியிட்டார். அவர் எழுதிக் குவித்தது ஏறத்தாழ பத்து லட்சம் பக்கம் என்பார்கள். அதில் பெரும்பகுதி பெட்டிகளில் பல இடங்களில் சிதறிக் கிடந்து, அவர் இறந்தபிறகுதான் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய மானிடவியல் காப்பகத்தில் ஒன்றுசேர்ந்தது. அசென்சியோன் சோலோர்சானோ என்ற மூதாட்டி 1930ல் இறந்தார். கலிபோர்னியாவின் முட்சுன் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராக அறியப்படுபவர் அவர். அவருடைய கடைசி மாதங்களில், நோயில் கிடந்த நிலையிலும், ஹாரிங்டன் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டார். அதன்பின் அறுபது வருடத்துக்கும் மேல் அந்த மொழியைப் பேச ஆளில்லை. 1990களில் முட்சுன் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் குறிப்புகளைத் தேடி வந்தார்கள். அவற்றையும் பிற பழைய பதிவுகளையும் வைத்து மொழியியலாளர்களோடு சேர்ந்து உழைத்து, 2016ல் முட்சுன் அகராதி வெளியிட்டார்கள். ஹாரிங்டன் தன் நோட்டை யாருக்காக எழுதினார் என்பது தெரியாது. அதை அதிகம் பயன்படுத்தியவர்கள், அதில் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள். உங்கள் அம்மாவின் அறையில் இருப்பதும் அப்படியான ஒன்றுதான்: அவருடைய உழைப்பு, ஆனால் இன்னொருவரின் பாட்டி பேசிய பேச்சு.

இனி ஏன் ஸ்கேனருக்கு முன்னால் அம்மா என்கிறேன் என்று பார்ப்போம். களக்குறிப்பேட்டில் ஒரு பக்கம் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "செவ்வாய். மே.வீ. பாட்டி. நேற்றுச் சொன்ன அதே கதை, முடிவு மட்டும் வேறு. ப. சிரித்தாள். டேப் 3, பி பக்கம், நடுவிலிருந்து." எழுதியவருக்கு இது முழுப் படம். மற்ற எல்லோருக்கும் பூட்டிய கதவு. எந்த வருடத்துச் செவ்வாய்? மே.வீ. என்றால் மேல்வீடா, மேற்கு வீதியா? நேற்றைய கதை எந்த நோட்டில்? ப. யார், ஏன் சிரித்தாள், அதை எழுதிவைக்கும் அளவுக்கு அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது? உறவுமுறை வரைபடங்களில் முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக் கோடு திருமணம் என்பது எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு வட்டத்துக்குள் அவர் சிவப்பு மையில் வைத்த புள்ளி ஊரைவிட்டுப் போனதைக் குறிக்கிறதா, பேச மறுத்ததைக் குறிக்கிறதா என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஸ்கேன் அந்தப் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும். அதன் அர்த்தத்தைக் காட்டாது. காகிதத்தை அடுத்த வருடமும் ஸ்கேன் செய்யலாம். அம்மாவின் ஞாபகத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு நோட்டின் உள் அட்டையிலும் பென்சிலால் மெல்லிசாக ஓர் எண் போடுங்கள். பேனா வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம். பதிவை ஓடவிட்டு, "நோட்டு 7, பக்கம் 12" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "உங்கள் களப்பணி அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், பலமுறை மேடையில் சொன்ன கதைதான் வரும். இந்த எழுத்து யாரைக் குறிக்கிறது, இந்தப் படத்தில் வலது ஓரத்தில் நிற்பவர் யார், இந்தக் கேசட்டில் பின்னால் கேட்கும் குரல் யாருடையது என்று கைக்குள் இருக்கும் பொருளைக் காட்டிக் கேட்டால் புதிதாக வரும். புகைப்படங்களில் தொடங்குவது நல்லது; ஞாபகம் தளர்ந்தவர்கள்கூட முகத்தைப் பார்த்ததும் பேசத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். "நினைவில்லை" என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான், அப்படியே பதிவாகட்டும். வற்புறுத்தினால் ஊகம் வரும், பிறகு ஊகம் எது, உண்மை எது என்று யாராலும் பிரிக்க முடியாது. நீங்களே யூகித்து எழுதும் இடங்களில் "இது என் யூகம்" என்று குறித்துத் தேதி போட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒழுங்குபடுத்துகிறேன் என்று கடிதங்களை ஒரு பெட்டி, படங்களை ஒரு பெட்டி, நோட்டுகளை ஒரு பெட்டி என்று பிரித்துவிடாதீர்கள். ஒரு கோப்புறைக்குள் ஒரு நோட்டும் மூன்று படங்களும் ஒரு பேருந்துச் சீட்டும் சேர்ந்து இருந்தால், சேர்ந்து இருப்பதே ஒரு தகவல். படங்கள் எந்தப் பயணத்தில் எடுத்தவை என்பதை அந்தச் சீட்டின் தேதி சொல்லிவிடும். எதையும் நகர்த்தும் முன் அலமாரியை வரிசையாகப் படமெடுங்கள், பெட்டிகளுக்கு எண் போடுங்கள். மற்றதைக் காப்பகத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

பொருளாகப் பார்த்தால், உங்கள் அறையில் இருப்பவற்றில் காகிதம்தான் தைரியசாலி. துருப்பிடித்த ஜெம் கிளிப்புகளையும் ரப்பர் பேண்டுகளையும் எடுத்துவிட்டு, ஈரமும் வெயிலும் படாத அறையில், தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் நல்ல காகிதம் இன்னும் பல தலைமுறை தாங்கும். பூஞ்சை பிடித்தவை இருந்தால் தனியே பிரித்து வையுங்கள். நாடாக்கள் அப்படியல்ல. அவற்றுக்கு இரண்டு ஆபத்து: நாடா கெடுகிறது, அதைவிட வேகமாக அதை ஓட்டும் கருவிகளும், கருவிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இல்லாமல் போகிறார்கள். 2019ல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் சேர்ந்து இதைப் பற்றி உலகம் முழுவதும் எச்சரிக்கை விடுத்தன. 2025ஐ ஒட்டி, காந்த நாடாக்களை வழக்கமான முறையில் டிஜிட்டலாக மாற்றுவது (இலக்கமாக்கம்) பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடும் என்பது அன்றைய கணிப்பு. அந்த ஆண்டைக் கடந்த பிறகும் வேலை நடக்கிறது, ஆனால் செலவும் காத்திருப்பும் கூடிக்கொண்டே போகின்றன. எனவே இலக்கமாக்கத்தில் முதலிடம் நாடாவுக்கு.

ஸ்பூல் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் நாடா சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்து, முதலில் நிபுணரிடம் அனுப்புங்கள். பழைய ஸ்லைடுகளின், பிலிம் சுருள்களின் கதையும் சில சமயம் இதுதான். 1970, 80களின் சில நாடாக்களில் காந்தத் துகளை ஒட்டியிருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓட்டும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். துகள் உரிந்து கருவியில் ஒட்டுகிறது, அது பாட்டே உரிந்து போவதற்குச் சமம். கேசட்டுகளின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். ஓட்டுவதற்கு முன் இரண்டையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. இலக்கமாக்குபவரிடம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு என்று கேளுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவுக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். எம்பி3 கேட்பதற்குப் போதும், பாதுகாப்பதற்குப் போதாது. பழைய பிளாப்பி வட்டுகளும் கணினிக் கோப்புகளும் இருந்தால் நாடாவுக்கு இணையான அவசரம் அவற்றுக்கும் உண்டு.

நகல் எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். இந்திய சமூக மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பகுதியின் ராம்புரா கிராமத்தில் களப்பணி செய்தவர். பல வருடமாகச் செப்பனிட்ட குறிப்புகளின் மூன்று பிரதிகளையும் ஸ்டான்போர்டில் இருந்த ஆய்வு மையத்தில் தன் அறையில் வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அந்த மையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது மூன்றும் எரிந்துபோயின. பிறகு பெரிதும் நினைவிலிருந்தே எழுதி 1976ல் ஒரு சிறந்த நூலை அவர் தந்தார் என்பது அவருடைய மேதைமை. மூன்று பிரதியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது ஒரு பிரதிதான். உங்கள் பதிவுகளில் ஒரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குத் தயக்கமில்லை. துறையில் இருப்பவர்களும் பெரும்பாலும் இதையே சொல்வார்கள். யார் பார்க்கலாம் என்ற கேள்வியில் அந்த உறுதி கிடையாது. இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். அந்த நோட்டுகளில் உண்மைப் பெயர்கள் இருக்கும். யாருக்கு யாரோடு தொடர்பு, யார் நிலத்தை யார் ஏமாற்றிப் பிடுங்கினார், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் இருக்கும். புத்தகத்தில் மாற்றுப் பெயர் கொடுத்துக் காப்பாற்றியவர்களை ஸ்கேன் ஒரே நாளில் அம்பலப்படுத்திவிடும். பேசியவர்கள் அன்று சம்மதித்தது நோட்டோடு வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் பேசுவதற்கு. உலகத்தில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதற்கு அல்ல. அப்படி ஒன்று வரும் என்று அன்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் பெயர்களை அழித்துவிடலாமா? இதில் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஆய்வு நெறிக் குழுக்கள் சில, ஆய்வு முடிந்ததும் அடையாளம் காட்டும் பதிவுகளை அழிக்கச் சொல்கின்றன. அமெரிக்க மானிடவியல் சங்கமோ தன் 2012ஆம் ஆண்டு நெறிமுறையில் பதிவுகளைக் காத்துப் பேணுவதை ஆய்வாளரின் கடமையாகவே வைக்கிறது. நான் இரண்டாவது கட்சி. பெயரை அழித்தால், நாளைக்குத் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி வரும் பேத்திக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அழிப்பதற்குப் பதில், யார் யார் என்ற பட்டியலைத் தனி உறையில் போட்டு, இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று எழுதிக் காப்பகத்தில் ஒப்படைக்கலாம். எத்தனை வருடம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. குறிப்பிடப்பட்டவர்களின் ஆயுட்காலம் முடியும்வரை என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவுகோல். ஆனால் சில அவமானங்கள் பிள்ளைகள் காலம்வரை உயிரோடு இருக்கும்.

பூட்டி வைப்பதற்கும் எல்லை உண்டு. வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களை 2001 முதல் பேட்டி கண்டு, அவர்கள் இறக்கும்வரை வெளியிட மாட்டோம் என்ற வாக்குறுதியோடு பாஸ்டன் கல்லூரியில் வைத்தார்கள். 2011ல் அந்தப் பதிவுகளைக் கேட்டு நீதிமன்ற உத்தரவு வந்தது. சட்டப் போராட்டத்துக்குப் பிறகு அவற்றில் ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. அது வாய்மொழி வரலாறு, மானிடவியல் அல்ல. பாடம் இரண்டுக்கும் ஒன்றே. உங்கள் அம்மாவின் குறிப்புகளில் குற்றச்செயலோ அரசியல் வன்முறையோ தொடர்பான தகவல் இருந்தால், எந்தக் காப்பகத்திடமும் கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இதில் என் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பதிப்புரிமையும் அப்படித்தான்: அம்மா எழுதிய குறிப்பின் உரிமை பெரும்பாலும் அவருக்கு; அவருக்கு வந்த கடிதத்தின் தாள் அவருடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது; நாடாவில் பாடியவரின் உரிமை தனிக் கேள்வி.

சட்டத்துக்கு வெளியே ஒரு கடமை இருக்கிறது, அதைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. பதிவுசெய்யப்பட்ட மக்களிடம் இவை இருப்பதைச் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டால் நகல் கிடைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1964ல் தொடங்கப்பட்ட பழங்குடி ஆய்வு நிறுவனம், சில பாடல்களையும் சடங்குகளையும் யார் கேட்கலாம், யார் பார்க்கலாம் என்ற அந்தந்தச் சமூகத்தின் கட்டுப்பாட்டை மதித்து நடக்கிறது. அந்த நாட்டின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்த்து என்ற இலவச மென்பொருள், இது பெண்களுக்கு மட்டும், இது இந்தக் குடும்பத்துக்கு மட்டும் என்று சமூகமே வரம்பு வைக்க வழி செய்கிறது. இந்தியாவில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசையியல் காப்பகம் 1982ல் தொடங்கியதே, வெளிநாட்டு ஆய்வாளர்கள் பதிவுசெய்து கொண்டுபோன இசையின் நகல்களை இங்கே கொண்டுவந்து வைக்கத்தான். அம்மா களப்பணி செய்த ஊரோடு இன்னும் தொடர்பு இருந்தால், அங்கே யாரிடம் பேச வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அங்கிருப்பவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள் என்பதற்கும் தயாராக இருங்கள்; ஒரு குடும்பம் கேட்க ஏங்கும் பாட்டை இன்னொரு குடும்பம் மூடிவைக்கச் சொல்லும்.

எங்கே கொடுப்பது? அம்மா வேலை செய்த பல்கலைக்கழகக் காப்பகம், அந்தப் பகுதியை அல்லது மொழியைச் சேகரிக்கும் சிறப்புக் காப்பகம் என்ற வரிசையில் எழுதிக் கேளுங்கள். எத்தனை பெட்டி, எந்த வருடங்கள், எந்த இடம், எந்த மொழி, எத்தனை மணி நேர ஒலி என்று ஒரு பக்கக் கடிதம் போதும். நூலகத்துக்கும் காப்பகத்துக்கும் வித்தியாசம் உண்டு. நாடாவைக் குளிர்ந்த அறையில் வைக்க முடியுமா, மூடிய உறையை மூடியே வைத்திருப்பீர்களா, பட்டியல் எப்போது தயாராகும் என்று தயங்காமல் கேளுங்கள். சேகரிப்பை இரண்டு மூன்று இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்க நேர்ந்தால், எது எங்கே போனது என்ற பட்டியல் ஒவ்வோர் இடத்திலும் இருக்கட்டும். எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்பந்தமாக்குங்கள். மறுத்தால் மனம் தளராதீர்கள். இடமும் ஆளும் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம், உள்ளடக்கத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

கடைசியாக, அம்மாவின் சொந்த அந்தரங்கம். களத்தில் தனிமையில் எழுதிய நாட்குறிப்பும், வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் அந்தப் பெட்டிகளில் கலந்திருக்கும். மானிடவியல் முன்னோடிகளில் ஒருவரான மலினோவ்ஸ்கி தனக்காக எழுதிவைத்த நாட்குறிப்பை, அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து 1967ல் அவருடைய மனைவி வெளியிட்டார். தான் ஆராய்ந்த மக்களைப் பற்றி அதில் அவர் கொட்டியிருந்த எரிச்சலும் வெறுப்பும் துறையையே உலுக்கின. வெளியிட்டது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆய்வாளரைப் புரிந்துகொள்ள அது உதவியது என்பது என் கருத்து, ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. எதைத் திறந்து வைக்கலாம், எதை எவ்வளவு காலம் மூட வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது என்று, அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு நகலைப் பெட்டிகளோடு சேர்த்து வையுங்கள்.